வம்சாவளிப் படத்தில் ஓர் இரட்டைக் கோடு

பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்களுக்கு மரபியல் எடுக்கிறேன். வருடத்திலேயே நான் அதிகம் யோசித்துத் தயாராகிற பாடம் வம்சாவளி வரைபடம்தான். சதுரம் ஆண், வட்டம் பெண், நடுவில் ஒரு கோடு போட்டால் கல்யாணம். அதுவரை சாதாரணமாக எழுதிக்கொள்வார்கள். சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு என்றதும் பேனா நின்றுவிடும். நிற்காமல் என்ன செய்யும்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள்.

பாடப்புத்தகமோ விக்டோரியா மகாராணி குடும்பத்து ஹீமோஃபீலியாவை, அதாவது இரத்தம் சரியாக உறையாத நோயைக் காட்டும். நல்ல உதாரணம்தான், ஆனால் அது எக்ஸ் குரோமோசோம் வழியாக வந்தது, சொந்தத்தில் கட்டியதால் வந்ததல்ல. இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது வேறு கணக்கு.

அந்தக் கணக்கு மதிய இடைவேளையில்தான் என் அறைக்கு வரும். "எங்க அண்ணனுக்கு அத்தை பொண்ணைப் பேசியிருக்காங்க சார், ஏதாவது ஆயிடுமா?" கட்டலாம், கூடாது என்று நான் சொல்வதில்லை, அது அவர்கள் வீட்டு முடிவு. தாளை எடுத்து இருவரையும் வரைந்து, ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வரும் ஒரே அல்லீல் (மரபணுவின் ஒரு வடிவம்) பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வந்து சேர எத்தனை படி இறங்க வேண்டும் என்று அவர்களையே எண்ணச் சொல்வேன். அப்படிச் சேர்வதற்கான வாய்ப்பு 1/16 என்று வரும். தாய்மாமனையே கட்டினால் 1/8. அப்புறம்தான் நடைமுறை எண்: எந்தத் தம்பதிக்குமே பிறவிக் குறைபாட்டுக்கு 2-3 சதவீத வாய்ப்பு உண்டு, அத்தை மகன், மாமன் மகள் என்றால் அதோடு இன்னும் ஏறக்குறைய 2-3 சதவீதம் கூடும். இதைக் கேட்டு நிம்மதியாகிறவர்களும் உண்டு, கவலைப்படுகிறவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறேன். தலசீமியா என்கிற பரம்பரை இரத்த நோய் போன்றவற்றை, தங்களுக்கு நோய் இல்லாமலே பிள்ளைக்குக் கடத்துகிறவர்களா என்று கல்யாணத்துக்கு முன்பே இரத்தம் சோதித்துப் பார்க்க முடியும், மரபியல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகச் சொல்லு என்பேன். இருவருமே கடத்துகிறவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று நம்புகிற மாணவர்கள் இன்னும் வருகிறார்கள், அதை மட்டும் விடாமல் திருத்துவேன்.

ஒன்றில் நான் கறார். சொந்தக் குடும்பத்து வம்சாவளியை வகுப்பில் யாரும் வரையக் கூடாது, இரத்தப் பிரிவு செய்முறைக்கு அப்பா அம்மா பிரிவைக் கேட்டுக்கொண்டு வரவும் கூடாது. தத்துப் பிள்ளை என்பது ஒருவருக்கு அந்த மேசையில் தெரிய வேண்டியதில்லை. அதோடு, 1952இல் பம்பாயில் கண்டறிந்த பாம்பே இரத்தப் பிரிவு என்ற அரிய வகை பிள்ளைக்கு இருந்தால், வழக்கமாக ஓ பிள்ளை பிறக்காத ஏபி அப்பாவுக்கே சோதனையில் ஓ போலத் தெரிகிற பிள்ளை பிறக்கும், அதுவும் சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில்தான் அதிகம் தலைகாட்டும். இது தெரியாத ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை அம்மாவைச் சந்தேகித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா?

அதனால் குடும்பங்களை நானே கற்பனையாக உருவாக்கித் தருகிறேன், நம் ஊர் உறவுமுறைகளோடு. இந்தப் பருவத்தேர்விலும் விக்டோரியாவை விட்டுவிட்டு, தாய்மாமனைக் கட்டிய ஒரு பெண்ணின் படத்தைத்தான் பத்து மதிப்பெண் கேள்வியாக வைத்திருக்கிறேன். கணக்கைப் போட்ட பிறகு, அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று நாலு வரி எழுத வேண்டும். அந்த நாலு வரிக்கு ஐந்து மதிப்பெண்.