வலி போச்சு, மற்றது?

பிப்ரவரி 9
எண்டோமெட்ரியோசிஸுக்கு (கருப்பை உள்படலம் போன்ற திசு வெளியே வளர்ந்து வலி தரும் நோய்) டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம். தினம் ஒன்று, அதே நேரத்தில், இடைவெளி கிடையாது. வலி வெகுவாகக் குறைந்துவிட்டது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி எழுதுவதெல்லாம் மாத்திரைமேல் பழியாகத் தெரியும்.

பிப்ரவரி 20
சொட்டுச் சொட்டாக ரத்தம் படுகிறது. முதல் சில மாதம் இப்படித்தானாம். மாத்திரை கருப்பையின் உள்படலத்தை மெலிதாக்கும். மெலிந்த படலம் அங்கங்கே பிய்ந்து கசியும். காரணம் தெரிந்ததும் பயம் போனது, நாப்கின் செலவு போகவில்லை.

மார்ச் 6
மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நெருங்குகிறது. "பால்குடம் எடுக்கணும், மாத்திரை போட்டுத் தள்ளி வை" என்கிறார் அப்பத்தா.
"நான் தினமும் போடுறதே அந்த இனத்து மாத்திரைதான் அப்பத்தா."
"அப்புறம் ஏன்டி தீட்டு நிக்கலை?"
என்னத்தைச் சொல்ல! திருவிழாவுக்காகக் கடையில் கேட்டு வாங்கும், மாதவிடாயைத் தள்ளிவைக்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரைக்கு டாக்டர் சீட்டைக்கூடப் பல இடத்தில் கேட்பதில்லை. காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள் அதைத் தொடக்கூடாது என்பதை யார் சொல்வது?

மார்ச் 15
காரணமில்லாமல் அழுகை வருகிறது. பகலெல்லாம் வளவில் தூணோரம் உட்கார்ந்தே கிடக்கிறேன். "வலிதான் போச்சுல்ல?" என்கிறார் கணவர். போச்சு. டாக்டர் எடையைக் கேட்டார், ரத்தப்போக்கைக் கேட்டார். மனசை யாரும் கேட்கவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில், தலைவலி, முகப்பரு, முடி உதிர்தலோடு மனச்சோர்வும் பொடி எழுத்தில் இருக்கிறது. முன்பே சோர்வு இருந்தவர்களைக் கவனிக்க வேண்டுமாம். பிள்ளை பெற்ற பிறகு எனக்கு இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மார்ச் 22
மதுரை போய் எல்லாம் சொன்னேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எனக்கு ஆகாது: ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு ஓடும், அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கவாத அபாயம் கூடுமாம். சினைப்பை ஹார்மோனை அடக்கும் மாத ஊசி போட்டால் உடம்பு தகிக்கும், எலும்பும் பலமிழக்கும். மிச்சம், லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் உள்ள, கருப்பைக்குள் வைக்கும் சாதனம். மருந்து பெரும்பாலும் அங்கேயே வேலை செய்யும், கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும், மனசுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரே சொன்னார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது.

காப்பர் டி மாதிரி என்றதும் "அதுல தீட்டு கூடும்டி" என்றார் அப்பத்தா. காப்பர் டியில் கூடும்தான், இதில் குறையும். அடுத்த வாரம் வைக்கிறார்கள். அதற்குள் மனசு மோசமானால் உடனே போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்.