பதிவாளர் பிலிப் பிளிஸ்

பழைய ஆங்கில நூல்களில் ஒவ்வொரு பாரமும் (பல பக்கங்களை அச்சிட்டு மடித்த ஒரு தாள்) தொடங்கும் பக்கத்தின் அடியில், பைண்டு செய்பவர் வரிசை தவறாமல் அடுக்குவதற்காக ஓர் எழுத்தை அச்சிட்டிருப்பார்கள். முகப்புக்கும் முன்னுரைக்கும் முதலெழுத்து போய்விடுவதால், நூலின் உள்ளடக்கம் பெரும்பாலும் இரண்டாம் எழுத்தான B-யில்தான் ஆரம்பிக்கும். பிலிப் பிளிஸ் தாம் வாங்கிய நூல்களில் அந்த எழுத்துக்கு இடப்புறம் தம் முதற்பெயரின் எழுத்தான P-யைப் பேனாவால் சேர்த்து, வலப்புறம் வாங்கிய ஆண்டைச் சுருக்கமாகக் குறித்துவைப்பார். குடும்பப் பெயருக்கான எழுத்தைத்தான் அச்சகமே இட்டுத் தந்துவிட்டதே! தமிழில் இரண்டும் 'பி' ஆகிவிடுவதால் இந்தக் குறும்பின் சுவை நமக்குப் பாதிதான் கிடைக்கிறது.

1787இல் குளோஸ்டர்ஷயரில் பிறந்த பிளிஸ், ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, போட்லியன் நூலகத்தில் பணியாற்றி, 1824இல் பல்கலைக்கழகப் பதிவாளரானார். 1853 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1826 முதல் ஆவணக் காப்பாளரும் அவரே. கல்லூரித் தலைவர்களுள் ஒருவர் துணைவேந்தராக வந்து வழக்கமாக நான்கு ஆண்டுகளில் விடைபெறும் அமைப்பில், பேரவையின் தீர்மானங்களையும் பட்டங்களையும் ஏட்டில் ஏற்றிய பதிவாளரே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மாறாமல் இருந்தவர் என்பதால், பல்கலைக்கழகத்தின் நினைவாற்றல் அவருடைய மேசையில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அவருடைய மனம் பதினேழாம் நூற்றாண்டில் குடியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற எழுத்தாளர்களின் வரலாற்றைத் தொகுத்த ஆந்தனி உட், இரண்டாம் சார்லஸ் மன்னரின் அமைச்சராயிருந்த கிளாரண்டன் பிரபுவைப் பழித்துவிட்டார் என்று 1693இல் பல்கலைக்கழகத்தால் விலக்கப்பட்டவர். அந்நூலின் பக்கங்களைத் தீயிலும் இட்டார்கள். அதே நூலைத்தான் பிளிஸ் 1813க்கும் 1820க்கும் இடையில் நான்கு பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்தார். பின்னாளில் பதிவாளர் நாற்காலியில் அமர்ந்தவர் இவர் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. தாமஸ் ஹேர்ன் என்ற பழம்பொருள் ஆய்வாளரின் நாட்குறிப்புகளிலிருந்து அவர் தொகுத்த பகுதிகளோ, அச்சுவேலை தொடங்கிப் பல பத்தாண்டுகள் கிடந்து, 1857இல்தான் வெளிவந்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே பிளிஸும் காலமானார்.

ஆக்ஸ்ஃபோர்டில் அச்சானவை, 1666 பெருந்தீக்கு முந்தைய மூன்றாண்டுகளில் லண்டனில் அச்சானவை எனத் தேடித்தேடிச் சேர்த்த நூல்கள் 1858இல் ஏலத்தில் சிதறிப்போயின. இன்றும் நூலகங்களில் பட்டியலிடுபவர்கள் ஒரு பழம்பிரதி அவருடையதா என்றறிய, இரண்டாம் எழுத்துள்ள அந்தப் பக்கத்தின் அடியைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.