கொப்பியில் இட்ட கோடுகள்

2024 ஜனவரி 6, யாழ்ப்பாணம்

பெருங்குடல் அழற்சி மீண்டும் கிளம்பி, போதனா வைத்தியசாலை விடுதியில் இன்று மூன்றாம் நாள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், மலசலகூடம் போய் வந்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுகிறேன். இரத்தம் கலந்திருந்தால் அந்தக் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. வந்த அன்று பதினொரு கோடுகள், பதினொன்றுக்கும் புள்ளி. நேற்று ஏழு. இன்று மாலை வரை நான்கு, அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே புள்ளி. காலையில் கட்டிலருகே வந்த வைத்தியர் கேட்டு வாங்கியது அந்தக் கொப்பியைத்தான். நாளத்தினூடாக ஸ்டீரொயிட் ஏற்றத் தொடங்கியதிலிருந்து மூன்றாம் நாள் எத்தனை தரம் போகிறது என்பதை வைத்தே அடுத்த படியைத் தீர்மானிப்பதாகவும், எட்டுக்கு மேலே நின்றிருந்தால் வேறு மருந்தைப் பற்றியோ குடலை அகற்றுவதைப் பற்றியோ இன்றைக்கே பேச வேண்டி வந்திருக்கும் என்றும் அவர் சொன்னார். நோயின் கடுமையை அளக்கும் கணக்கு 1955இல் ட்ரூலவ், விற்ஸ் என்ற இரு ஆங்கில மருத்துவர்கள் வகுத்தது. ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் இரத்தத்தோடு போவதுடன், நாடித்துடிப்பு 90ஐத் தாண்டுவதோ, காய்ச்சல் 37.8 பாகையைத் தாண்டுவதோ, ஈமோகுளோபின் 10.5க்குக் கீழே இறங்குவதோ சேர்ந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை கடந்துவிட்டது என்று பொருள். எனக்கு ஈமோகுளோபின் 8.9.

நாளுக்கொரு தடவை வயிற்றுத் தோலில் ஓர் ஊசி போடுகிறார்கள். இரத்தம் உறையாமல் இருப்பதற்கான ஊசி என்று தாதி சொன்னபோது, இரத்தம் போகிறவளுக்கு அதையா போடுவது என்று பயந்து கையைப் பிடித்துவிட்டேன். குடல் இவ்வாறு அழலும் காலத்தில் கால் நாளங்களில் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து மிகக் கூடுதல் என்றும், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே கேடு என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். ஐந்து வருடம் இந்த நோயோடு வாழ்ந்தும் இதை நான் அறிந்திருக்கவில்லை.

இந்த முறை நோய் திரும்பியதற்குக் காரணம் என் செயல்தான் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், இந்த நோயை அடக்கி வைக்கும் மெசலசீன் குளிசையை வெளியே வாங்கினேன். விலை ஏற ஏற ஆறை மூன்றாக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. கடந்த ஆடியில் மூன்றையும் விட்டேன். நான்கு மாதம் சுகமாகவே இருந்தேன். ஐந்தாம் மாதம் விடியற்காலையில் வயிற்றுளைவோடு எழுந்தேன்.

ஜனவரி 15, ஒட்டுசுட்டான்

தைப்பொங்கல். பதினோராம் திகதி வீட்டுக்கு விட்டார்கள். ஸ்டீரொயிட் குளிசையான பிரெட்னிசொலோனை 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்தாகக் குறைத்து, எட்டு வாரத்தில் நிறுத்த வேண்டும். இடையில் ஒருநாளும் சடுதியாக விடக் கூடாது. உடம்பு தானே சுரக்கும் சுரப்பு இந்தக் குளிசையால் உறங்கிப் போயிருக்கும், அது விழித்தெழ அவகாசம் வேண்டும்.

அம்மா முற்றத்தில் பொங்கினார். பயறு வறுத்துப் போட்ட சர்க்கரைப் பொங்கலில் இரண்டு கரண்டி எனக்குத் தனியாக எடுத்து, முந்திரிகை வற்றலையும் கசுக்கொட்டையையும் பொறுக்கி அகற்றிவிட்டுத் தந்தார். சாப்பாட்டைப் பற்றி வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. தூளை நிறுத்து என்கிறார் ஒருவர். எல்லாம் உடம்புச் சூடு என்கிறார் இன்னொருவர். அன்பினால் சொல்கிறார்கள், ஆகவே தலையாட்டுகிறேன். ஆனால் இந்த நோயை உண்டாக்குகிற உணவு இதுதான் என்றோ, மாற்றுகிற உணவு இதுதான் என்றோ ஒன்றைக் காட்ட முடியாது. குடல் புண்ணாக இருக்கும்போது நார் மிகுந்தவற்றைக் குறைத்தால் வேதனை குறைகிறது, அவ்வளவே. அதனால் இப்போதைக்குத் தவிட்டுச் சோற்றையும் குரக்கன் புட்டையும் முருங்கையிலையையும் விட்டு, குழைந்த வெள்ளைச் சோறு, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் போட்ட சொதி, கனிந்த வாழைப்பழம் என்று சாப்பிடுகிறேன். சுகம் வந்ததும் மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பயந்து பயந்து எல்லாவற்றையும் ஒதுக்கி எலும்பும் தோலுமாகப் போனவர்களைக் கிளினிக்கில் கண்டிருக்கிறேன்.

முகாமில் குடித்த தண்ணீர்தான் இதற்குக் காரணம் என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாமில், மலசலகூட வரிசையில் வாளியோடு என்னை நிறுத்திவிட்டு அவர் காவல் நின்ற நாட்களை நினைத்துச் சொல்கிறார். பரம்பரைக் கூறும், குடலில் வாழும் நுண்ணுயிர்களும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதும் சேர்ந்த நோய் என்பதற்கு மேல் மருத்துவம் ஒற்றைக் காரணம் சொல்வதில்லை. இதை அம்மாவிடம் ஒரு முறை விளக்கினேன். இனிமேல் விளக்க மாட்டேன். அந்த முகாமில் அவர் கண்டது வேறு; அதை மறுக்க எனக்கு வாயில்லை.

ஜனவரி 28

30 மில்லிகிராம். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதன்பிறகு நித்திரை இல்லை. குளிசை முழுவதையும் காலைச் சாப்பாட்டோடு போட்டுவிட்டால் இரவு சற்று இலகுவாக இருக்கும் என்றார்கள், உண்மைதான்.

படுக்கப் போகும்போது குடலுக்குள் செலுத்தும் மெசலசீன் திரவம். இதை வெட்கத்தால் எவரும் எழுதுவதில்லை, ஆகையால் எழுதுகிறேன். போத்தலைச் சற்று நேரம் கைக்குள் பொத்தி வைத்துக் குளிர்ச்சியைப் போக்கிக்கொள்கிறேன். நன்றாகக் குலுக்கி, பழைய துவாயை விரித்து, இடப்பக்கம் சரிந்து, வலது முழங்காலை மடித்து நெஞ்சை நோக்கிக் கொண்டுவந்து, முனையில் வழவழப்புக் களிம்பு பூசி மெதுவாக உள்ளே செலுத்தி, போத்தலை ஒரே சீராக அமுக்கி, அமுக்கிய விரலை விடாமலே வெளியே எடுக்க வேண்டும். விரலைத் தளர்த்தினால் மருந்து போத்தலுக்கே திரும்பிவிடும். அரை மணி நேரமாவது அப்படியே கிடக்க வேண்டும். பெருங்குடல் இடப்பக்கமாகவே இறங்குகிறது, என் நோயும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் மருந்து புண்ணை நேராகத் தொடுகிறது. முதல் மூன்று இரவும் பத்து நிமிடத்துக்கு மேல் அடக்க முடியவில்லை. நேற்று விடியும் வரை நின்றது. கணவர் வயலில் வெட்டு முடித்துக் களைத்து வந்தும், அந்த அரை மணி நேரமும் பக்கத்தில் இருந்து காலபோக விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 12

கிளினிக் நாள். மாங்குளத்தில் பேருந்து மாறி ஏ9 வழியாக யாழ்ப்பாணம் போய்த் திரும்புவது, சுகமானவர்களுக்கு ஓர் அலைச்சல். எங்களுக்கு, இடையிடையே எங்கே மலசலகூடம் இருக்கிறது என்ற வரைபடம். முதல் நாள் மாலையிலிருந்தே கஞ்சி மட்டும் குடித்தேன். அப்படியிருந்தும் ஆனையிறவு தாண்டியதும் வயிறு இழுத்தது. நடத்துநர் தம்பியிடம் கிளினிக் கொப்பியைக் காட்டி, “தம்பி, எனக்குக் குடல் வருத்தம், நிற்பாட்ட வேணும்” என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இயக்கச்சியில் ஒரு கடையோரம் நிறுத்தி, கடைக்கார அம்மாவிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்து, “ஆறுதலாப் போட்டு வாங்கோ அக்கா” என்றார். முழுப் பேருந்தும் ஏழு நிமிடம் காத்திருந்தது.

இன்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தியோபிரின் தொடங்கியாயிற்று. மெசலசீன் மட்டும் என்னைத் தாங்காது, ஸ்டீரொயிட்டில் காலந்தள்ளவும் முடியாது. அது எலும்பை மெலியச் செய்யும், சீனியை ஏற்றும், கண்ணில் புரை வளர்க்கும். இந்தப் புதிய குளிசை மெதுவானது. முழுப் பலன் தெரிய மூன்று மாதம் செல்லும். எலும்பு மச்சையைத் தாக்கி வெள்ளைக் கலங்களைக் குறைக்கக் கூடியதாகையால், ஆரம்பத்தில் வாரந்தோறும், பின்பு மூன்று மாதத்துக்கொரு முறை இரத்தம் சோதிக்க வேண்டும். தொடங்குமுன் நெஞ்சுப் படமும் எடுத்தார்கள், ஒளிந்திருக்கும் காசநோய் கிளம்பக் கூடாது என்பதற்காக. வெயிலில் தோலைக் காக்கும்படியும் எச்சரித்தார்கள். வன்னி வெயிலில் குடையில்லாமல் இனி நடப்பதில்லை.

இரும்புச் சத்தை நாளத்தினூடாக ஏற்றிவிட்டதில் ஈமோகுளோபின் 10.8. கண்ணாடியில் முகம்தான் என்னுடையதாக இல்லை; கன்னங்கள் உப்பி, கண்கள் சிறுத்திருக்கின்றன.

மார்ச் 3

பாடசாலைக்குப் போகிறேன். நான் கேட்காமலே அதிபர் என் வகுப்பைக் கீழ்த்தளத்தின் கடைசி அறைக்கு, மலசலகூடத்துக்கு அண்மையில் மாற்றியிருந்தார். முழங்கால் நோகிறது என்றதும் சக ஆசிரியை டைக்ளோபெனாக் குளிசை ஒன்றை நீட்டினார். நன்றி சொல்லி மறுத்தேன். அந்த வகை வலிநிவாரணி குடல் நோயைக் கிளப்பக் கூடும், பரசிட்டமோல் போதும்.

மார்ச் 7

கடைசி பிரெட்னிசொலோன் நேற்றோடு முடிந்தது. கோடுகள் இரண்டு. புள்ளி இல்லை.

ஏப்ரல் 2

மாலை, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயது, கிளிநொச்சிப் பக்கத்தில் வேலை. எட்டு மாதமாக வயிற்றுவலி, வயிற்றோட்டம், பதினொரு கிலோ குறைந்திருக்கிறான். அமீபா என்று சொல்லி ஒரே குளிசையை நான்கு தடவை கொடுத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கையில் எனக்கு நெஞ்சு பதறியது. 2018இல் எனக்கும் இதே கதைதான். ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் ஆறு மாதம், மலத்தையும் சோதிக்காமல், உள்ளே கருவியை விட்டும் பார்க்காமல், மெட்ரோனிடசோலையே மாற்றி மாற்றி எழுதினார்கள். அமீபா எங்கள் ஊரில் இருப்பது உண்மை. அதற்கான மருந்துக்கு அடங்காத இரத்தமும் வாரக்கணக்கில் நிற்காத வயிற்றோட்டமும் வேறு நோயைத் தேடச் சொல்கின்றன என்பதை ஒருவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு ஆறு மாதம் மிஞ்சியிருக்கும்.

அம்மா எதிரே பேசத் தயங்கியவன், கிணற்றடிக்குத் தனியாக வந்ததும் பேசினான். வலி வலப்பக்கம், அடிவயிற்றில். வேலைத்தலத்தில் எழுந்து போக வெட்கப்பட்டுப் பகலில் சாப்பிடுவதையே விட்டிருக்கிறான். சிகரெட்டும் பிடிக்கிறான். என்னுடையதைப் போன்ற பெருங்குடல் அழற்சியாக இது தோன்றவில்லை. 1932இல் நியூயோர்க்கில் பரில் குரோனும் அவருடைய இரண்டு சகாக்களும் விவரித்த, சிறுகுடலின் முடிவில் அதிகம் தங்கும் மற்ற நோயாக இருக்கலாம். அதே இடத்தைக் காசநோயும் பிடிக்கும். இரண்டையும் பிரித்தறியாமல் ஸ்டீரொயிட் கொடுத்தால், காசநோயாக இருக்கும் பட்சத்தில் பெருங்கேடு. நான் வைத்தியர் இல்லை. ஆகவே இவற்றில் எதையும் அவனிடம் சொல்லாமல், நாளைக்கே மாவட்ட வைத்தியசாலைக்குப் போய் மேலிடத்துக்குக் கடிதம் கேட்கும்படியும், சிகரெட்டை இன்றைக்கே விடும்படியும் சொன்னேன். மிச்சமிருந்த ஒரு வெற்றுக் கொப்பியைக் கொடுத்து, கோடு போடும் முறையைக் காட்டினேன்.

இரவு விளக்கு வைக்கும்போது, அது காசநோயாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆறு மாதம், சில வேளை ஒன்பது மாதம் மருந்து எடுத்தால் அதற்கு ஒரு முடிவு உண்டு.

மே 17

மூன்று மாதம் முடிந்துவிட்டது. வெள்ளைக் கலங்கள் சரி, ஈரல் சரி, ஈமோகுளோபின் 12.4. குரக்கன் புட்டு கடந்த வாரம் திரும்பி வந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வருகிறது. உப்புநீரில் விளக்கெரியும் என்று ஊர் நம்பும் அந்தச் சந்நிதிக்கு இந்த வருடம் போகலாம் என்று துணிந்து, தண்ணீர்ப் போத்தலையும் மாற்றுடையையும் குளிசைப் பெட்டியையும் ஒரு பையில் எடுத்துவைத்திருக்கிறேன். சுகமாக இருக்கிறாய், இன்னும் ஏன் ஒரு கை நிறையக் குளிசை என்று மாமி கேட்டார். சுகமாக இருப்பதால்தான் மாமி என்றேன். 2026இல் நோய் தொடங்கி எட்டு வருடமாகும். அப்போது புற்றுநோய்க்கான அறிகுறி உண்டா என்று மறுபடியும் கருவி விட்டுப் பார்க்க வேண்டும். கொப்பியின் அட்டையில் திகதியைக் குறித்திருக்கிறேன்.

பையன் நேற்று வந்தான். குடலில் எடுத்த தசைத் துணுக்கின் அறிக்கை வந்துவிட்டது. காசநோய் இல்லை, குரோன் நோய். மருந்து தொடங்கி இரண்டு வாரம், சாப்பிடுகிறான், சிகரெட்டை விட்டு ஒரு மாதம் கடந்துவிட்டது. தன் கொப்பியைத் தந்தான். என்னுடையதைவிட ஒழுங்கான கோடுகள், அடிமட்டம் வைத்து இழுத்தவை. ஒன்றுமே போகாத நாளுக்கு என்ன எழுதுவது என்று கேட்டான். திகதியை மட்டும் எழுதி இடத்தை வெறுமையாக விடு என்றேன். அவன் அங்கேயே இருந்து, தான் விட்டுப்போயிருந்த இரண்டு திகதிகளையும் எழுதிச் சேர்த்தான்.