மர அம்புக்கு மாறியாச்சு: காட்டு வில்வித்தையில் இந்த வருடம்

கார்பன் அம்புகளை ஓரங்கட்டிவிட்டு முழுக்க மர அம்புக்கு மாறியதுதான் இந்த வருடத்துப் பெரிய வேலை. என் வில் அமெரிக்கன் ஃப்ளாட்போ. தட்டையான மரக் கைகள், அம்பு உட்கார ஒரு சின்னத் திட்டு, அவ்வளவுதான். குறிபார்க்கும் கருவி எதுவும் கிடையாது. நான் இருக்கும் இங்கிலாந்தில் காட்டு வில்வித்தைச் சங்கமான நேஷனல் ஃபீல்ட் ஆர்ச்சரி சொசைட்டியின் விதிப்படி போட்டிகளில் இந்த வில்லுக்கு மர அம்புதான். எப்படியும் மாறியே ஆக வேண்டும்.

இழுக்கத் தேவையான பலம் 40 பவுண்டு என்று வில்லில் எழுதியிருக்கும். 28 அங்குலம் இழுத்தால்தான் அந்தக் கணக்கு. நான் இழுப்பது 27 அங்குலம், அதனால் என் விரலில் ஏறுவது 37, 38 பவுண்டு. போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் மேரி ரோஸ் கப்பலின் விற்களைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட அந்தக் கப்பலில் முழுசாகக் கிடைத்த நெடுவிற்கள் மட்டும் 137. அவற்றை இழுக்க 100 பவுண்டுக்கு மேல் பலம் வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். என் தோள்பட்டைக்கு 38 போதும்.

வில்லை விட அம்புதான் வேலை வாங்குகிறது. கார்பனில் ஒரு டஜன் வாங்கினால் பன்னிரண்டும் ஒன்றுபோல இருக்கும். சீடர் மரத் தண்டு அப்படியில்லை. ஒரே கட்டில் வந்த தண்டுகளில் ஒன்று விறைப்பாக இருக்கும், அடுத்தது நெளியும். இந்த விறைப்பைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். அளக்கும் முறை எளிது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், நடுவில் 2 பவுண்டு எடை, தண்டு எவ்வளவு தொய்கிறது என்று பார்க்க ஒரு டயல் கேஜ். 26-ஐ அந்தத் தொய்வால் வகுத்தால் ஸ்பைன். 0.65 அங்குலம் தொய்ந்தால் 40. ஒரு பலகை, இரண்டு ஆணி, பழைய டயல் கேஜ் ஒன்று என்று கார் ஷெட்டிலேயே இந்தக் கருவியைச் செய்துகொண்டேன்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம், அம்பு வில்லின் நடுவில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாண் தள்ளுவதோ நடுவை நோக்கி. அதனால் விட்ட கணத்தில் அம்பு வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் நிமிர்கிறது. விறைப்பு அதிகமானால் என்னைப் போன்ற வலதுகைக்காரர்களுக்கு இடப்பக்கம் ஒதுங்கும், குறைந்தால் வலப்பக்கம். இறகு ஒட்டாத அம்பையும் ஒட்டியதையும் சேர்த்து விட்டுப் பார்த்தேன். மொட்டை அம்பு இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. முனையின் எடையை 100 கிரெயினிலிருந்து (கிராமை விடச் சின்ன எடை அளவு) 125 ஆக்கியதும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் குத்தின. முனை கனத்தால் தண்டு இன்னும் கொஞ்சம் வளைந்துகொடுக்கிறது.

அம்பின் பின்முனையில் நாண் மாட்டும் பிளாஸ்டிக் கவ்வியை ஒட்டும்போது மரத்தின் வளையக் கோடுகளுக்குக் குறுக்காக நாண் வரும்படி ஒட்ட வேண்டும். அப்போதுதான் விறைப்பான பக்கம் வில்லை ஒட்டி அமையும். இன்னொன்றும் உண்டு. தண்டின் மேல்பக்கத்தில் மரநார் கூராக முடியும் இடங்கள் இலக்கை நோக்கி இருக்க வேண்டும். எய்யும்போது அம்பு உடைந்தால் சிலாம்பு கையில் ஏறாமல் முன்னால் பறந்துவிடும். இதை மட்டும் ஒவ்வொரு தண்டிலும் இரண்டு தடவை பார்க்கிறேன். இறகு வான்கோழியுடையது. ஒரு அம்பில் மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும்.

காட்டுக்கு வருவோம். ஒலிம்பிக் வில்வித்தையில் தூரம் 70 மீட்டர், மாறாது. இங்கே தூரத்தை யாரும் சொல்வதில்லை. மரங்களுக்கு நடுவே ஃபோமில் செய்த மான், கரடி, நரி, முயல் நிற்கும். தரையில் அடித்த ஒரு முளைக்குப் பக்கத்தில் நின்று அம்பை விட வேண்டும். முதல் அம்பே உயிர்நிலையில் பட்டால் 20 புள்ளி, உடம்பில் வேறெங்காவது பட்டால் 16. படவில்லையென்றால் அடுத்த முளைக்குப் போய் இரண்டாவது அம்பு, 14 அல்லது 10. மூன்றாவதுக்கு 8 அல்லது 4. முதல் அம்பிலேயே பெரும்பாலும் கதை முடிந்துவிடும் என்பதால் இலக்கு வரிசையாக நடந்துகொண்டே இருக்கலாம்.

என் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 46 மீட்டர் வேகத்தில் போகிறது. 25 மீட்டர் என்று நினைத்து விட்ட இலக்கு உண்மையில் 30 மீட்டரில் இருந்தால், அம்பு ஓர் அடிக்கு மேல் தாழ்ந்து மானின் காலடியில் புதையும். 10 மீட்டரில் இருப்பதாக நினைத்த முயல் 12-இல் இருந்தால் பெரிய வித்தியாசமில்லை. அதனால் என் கண்பயிற்சி முழுக்க 20-க்கும் 35-க்கும் இடையில். நடைபயிற்சியின்போது ஒரு மரத்தைப் பார்த்துத் தூரம் சொல்லிவிட்டு எண்ணி நடக்கிறேன். இருட்டான மரச்சந்துக்குள் எனக்கு எல்லாமே தள்ளித் தெரிகிறது. பள்ளத்தைத் தாண்டி நிற்பது கிட்டத்தில் தெரிகிறது. சரிவில் மேலே விட்டாலும் கீழே விட்டாலும் குறியைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், ஏனென்றால் அம்பைக் கீழே இழுப்பது சரிவின் நீளக் கணக்கில் இல்லை, கிடைமட்டத் தூரக் கணக்கில். இது மூளைக்குப் புரிந்துவிட்டது. கை இன்னும் கேட்பதாக இல்லை.

வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் கோடை விழாவில் கிளப் சார்பாக ஒரு மூலை போட்டோம். 18, 20 பவுண்டு வில், பக்கத்திலேயே வைக்கோல் இலக்கு, பின்னால் வலை. பெரியவர்களின் முதல் கேள்வி, “மான் சுடுவீங்களா?” இந்த நாட்டில் வில்லால் வேட்டையாட 1981-ஆம் வருடச் சட்டப்படி தடை, எங்கள் மான் ஃபோம் என்று சொன்னதும் பாதிப்பேருக்கு நிம்மதி, மீதிப்பேருக்கு ஏமாற்றம். துப்பட்டாவை இறுக்கிக் கட்டு, தலைமுடியைப் பின்னிப் போடு, சங்கிலியைச் சட்டைக்குள் விடு என்று சொல்லியே தொண்டை வறண்டது. நாணில் சிக்கினால் விளையாட்டில்லை.

புடவையோடு, நாண் உரசாமலிருக்க முன்கையில் கைக்காப்பு கட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீங்க மூணு விரல்ல இழுக்குறீங்க. கட்டைவிரலுக்கு இதுல வேலையே இல்லையே. அப்ப ஏகலைவன் கட்டைவிரலைக் குடுத்தா என்ன?”

“அது வேற பிடிங்கம்மா. துருக்கி, மங்கோலியா, கொரியா பக்கமெல்லாம் கட்டைவிரல்ல மோதிரம் போட்டு அதாலதான் நாணை இழுப்பாங்க. அப்படிப் பிடிச்சா கட்டைவிரல் போனா எல்லாம் போச்சு.”

“அப்ப அதைச் சொல்லிக்குடுங்க” என்றார். கிளப்பில் கட்டைவிரல் பிடி தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த விழாவுக்கு அவரையும் இழுத்துவர ஏற்பாடு.

விழாவுக்கு வந்தவர்களில் அந்த அம்மாவின் மகள் ஆரம்பப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். இரண்டு கையையும் முக்கோணமாக்கி அதன் வழியே ஒரு பொருளைப் பார்த்து ஆதிக்கக் கண் (குறிபார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண்) எது என்று சோதித்தோம். வலதுகைக்காரி, ஆனால் கண் இடது. இடதுகை வில்லிலேயே தொடங்கினால் நல்லது என்று பயிற்சியாளர் சொல்கிறார். கிளப்பில் இருக்கும் ஒரே இடதுகைப் பயிற்சி வில்லை வேறொரு பையன் எடுத்துக்கொண்டிருக்கிறான். இன்னொன்று வாங்கப் பணம் கேட்டு நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.