முன்சீட்டில் உட்காருகிறவருக்காக ஒரு கயாக்

மூன்று வருடத்துக்கு முன் நான் கட்டிய முதல் இரட்டைக் கயாக்கில் அம்மாவை முன்னால் உட்கார வைத்து, ஊர் ஏரியில் இறக்கினேன். கரையிலிருந்து பத்தடி போயிருப்போம். அம்மா துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், பிடித்த பிடியில் விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. "போதும்ப்பா, திருப்பு" என்றார். படகு கவிழும் நிலையில் இல்லை என்று பின்னால் இருந்த எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சின்ன அசைவுக்கே அது பக்கவாட்டில் சரிந்து, மெதுவாகத்தான் நிமிர்ந்தது. அந்த மெதுவில்தான் பயம் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் வரைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு படகைத்தான். வீட்டில் கட்டக்கூடியது, இரண்டு பேர் போகக்கூடியது, முன்னால் உட்காருகிறவர் விளிம்பைப் பிடிக்காமல் துடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்படியானது.

முதலில் பழைய படகில் என்ன தப்பு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீர்மட்டத்தில் அகலம் 70 செ.மீ. அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் சீட்டை 15 செ.மீ. உயரத்தில் வைத்திருந்தேன். ஒரு படகு சாயும்போது அதைத் திரும்ப நிமிர்த்துவது இரண்டு உயரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. மேலே இருப்பது மெட்டாசென்டர் என்கிற புள்ளி (சாய்ந்த படகைத் தண்ணீர் மேலே தள்ளும் விசை படகின் நடுக்கோட்டைச் சந்திக்கும் இடம்), கீழே இருப்பது ஆட்கள், படகு எல்லாம் சேர்ந்த எடைமையம். அந்த இடைவெளி என் பழைய படகில் வெறும் 8 செ.மீ. சொச்சம்தான். அம்மாவின் விரல்கள் சொன்னது சரிதான்.

இதை எப்படிக் கூட்டுவது? அகலம் கூட்டினால் மெட்டாசென்டர் மேலே போகும், அதுவும் கொஞ்சமாக இல்லை. அகலத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும், அதாவது நீர்மட்ட அகலம் பத்து சதவீதம் கூடினால் நிமிர்த்தும் பலத்தில் அகலத்தால் வருகிற பங்கு முப்பத்து மூன்று சதவீதம் கூடும். அதனால் புதிய படகில் நீர்மட்ட அகலம் 75 செ.மீ. அதில் மட்டும் எனக்கு 8 செ.மீ. கிடைத்தது. அப்புறம் சீட்டை 6 செ.மீ.க்கு இறக்கினேன், அதில் இன்னொரு 6, 7 செ.மீ. மொத்த இடைவெளி 22 செ.மீ. பக்கம் வந்துவிட்டது. இரண்டு பேர் எடை 140 கிலோ, படகு 36, பை, தண்ணீர் எல்லாம் 14, ஆக 190 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு இது. இதில் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது சீட்டுதான், ஏனென்றால் அதற்கு ஒரு பைசா செலவில்லை, பலகை கூடுதலாக வேண்டாம், படகின் வேகமும் குறையாது. கயாக் ஆடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது சீட் எவ்வளவு உயரம் என்றுதான்.

முட்டிவலிக்கு வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொன்றாக உட்காரும் தனித்தனித் துளைகளுக்குப் பதிலாக நடுவில் ஒரே நீளத் திறப்பாக 2.4 மீட்டர் விட்டேன், காலை மடக்கி நீட்ட இடம் கிடைத்தது. தொடைக்கு அடியில் ஒரு சரிவான திண்டு வைத்தேன், முதுகுக்குச் சாய்மானம் வைத்தேன். உட்காருகிற உயரத்தைவிட இவைதான் முட்டிக்கு உதவுகின்றன.

அகலம்தான் பலன் தருகிறது என்றால் 85, 90 செ.மீ. என்று போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம், ஆனால் துடுப்பு விளிம்பில் இடிக்கும், கையைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டியிருக்கும், அரை மணியில் தோள்பட்டை விட்டுப்போகும். அதனால் அகலத்தைக் கூட்டுவதைவிட இருக்கிற அகலத்தை நீளவாக்கில் தக்கவைப்பது நல்லது. பழைய படகு நடுவில் மட்டும் அகலமாகி இரண்டு பக்கமும் உடனே குறுகியது, ஆட்கள் உட்கார்ந்ததோ குறுகிய இடத்தில். இப்போது இரண்டு சீட்டுக்கும் இடையில் 1.2 மீட்டர், அந்த நீளம் முழுக்க அகலம் கிட்டத்தட்ட மாறாமல் போகிறது. பக்கப் பலகைகளும் மேலே போகப் போக வெளியே விரிகின்றன, படகு சாய்ந்தால் அந்தப் பக்கம் தண்ணீரில் கூடுதல் அகலம் இறங்கித் தாங்கிக்கொள்ளும். தனியாகப் போகிறவருக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு சீட் இடம் உண்டு. பின்சீட்டில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, தூக்கிக்கொண்டு காற்றில் அலைக்கழியும்.

நீளம் 4.8 மீட்டர் என்பது நான் முடிவு செய்ததில்லை, பிளைவுட் முடிவு செய்தது. எட்டடிப் பலகை இரண்டைத் தலைக்குத் தலை சரிவாகச் சீவி ஒட்டினால் அவ்வளவுதான் வரும். கனத்தைப் போல எட்டு மடங்கு சரிவு வேண்டும், 4 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ. இப்படி நான்கு பலகையில் மொத்தப் படகும் அடங்குகிறது. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள், விளிம்பில் நடு அடுக்குகளைப் பார்த்து ஓட்டை இல்லாததாக எடுங்கள். வெட்டும் முன் பத்தில் ஒரு பங்கு அளவில் சார்ட் அட்டையில் வெட்டி, செலோடேப் ஒட்டிப் பாருங்கள். அட்டையில் கூடாத வளைவு பலகையிலும் கூடாது.

வெட்டிய பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, உள்பக்கம் எப்பாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) பூசி ஒட்டுவதுதான் முறை. 1963இல் இங்கிலாந்தில் வந்த மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகுதான் இதை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. ஆனால் பலகையைத் தைத்துப் படகு செய்வது நமக்குப் புதிதா என்ன? மெட்ராஸில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலா படகு தென்னங்கயிற்றால் தைத்ததுதான். ஒவ்வொரு கம்பியையும் முறுக்கும்போது எனக்கு அந்தப் படகு ஞாபகம் வரும்.

எப்பாக்ஸி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் வெயிலில் அதைக் குவளையில் கலந்து அப்படியே வைக்காதீர்கள். சித்திரை மாதத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை நிறையக் கலந்துவிட்டு போன் பேசப் போனேன், திரும்பி வந்தபோது குவளை உருகிச் சாய்ந்து, உள்ளே இருந்தது பழுப்பாகிப் புகைந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் வேலை செய்யுங்கள், கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். மூலை நிரப்ப அதில் சலித்த மரத்தூள் சேர்க்கும்போது துவையல் பதம் வர வேண்டும், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது.

இரண்டு முனையிலும் அடைத்த காற்றறைகளை இடம் மிச்சப்படுத்துவதற்காகக்கூட விட்டுவிடாதீர்கள். திறப்பு இவ்வளவு நீளமாக இருக்கும் படகில் தண்ணீர் புகுந்தால் ஒரே பக்கமாக ஓடிச் சாய்க்கும், அப்போது மிதக்க வைப்பது அந்த அறைகள்தான். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

போன தை மாதம் புதிய படகை அதே ஏரியில் இறக்கினோம். அம்மா முதல் கொஞ்ச தூரம் விளிம்பில் கை வைத்திருந்தார். நடு ஏரியில் ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்தது, அதைக் காட்டுவதற்காகக் கையை எடுத்தார், அப்புறம் அந்தக் கை விளிம்புக்குத் திரும்பவே இல்லை.