இடது கையை எங்கே ஊன்றுவது?

போன வாரம் எங்கள் மயக்கவியல் துறையில் எபிடியூரல் ஊசி (பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடுவது) போடப் பழக்கும் சிமுலேட்டர் ஒன்றைச் சோதித்தோம். திரையில் முதுகு தெரியும். மேசை மேல் சின்னதாக ஒரு இயந்திரக் கை. அதன் நுனியில் உள்ள கோலைத் தள்ளினால் உள்ளிருக்கும் மோட்டார்கள் எதிர்த்துத் தள்ளும். தோல், தசைநார், எலும்பு ஒவ்வொன்றும் கைக்கு வேறு மாதிரித் தெரிய வேண்டும்.

முதுநிலை மாணவர்கள் ஐந்து பேர் செய்து பார்த்தார்கள். முடிந்ததும், ஒரு கருவி பயன்படுத்த எவ்வளவு வசதி என்று அளக்கும் எஸ்.யூ.எஸ். (System Usability Scale) படிவம் கொடுத்தேன். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஒரு எண் வரும். 68 வந்தாலே சராசரி என்பார்கள். எங்களுக்கு 80 வந்தது. கருவி கொண்டுவந்தவருக்கு ஒரே சந்தோஷம்.

நான் மாணவர்களின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் கோலைப் பேனா மாதிரிப் பிடித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அதன் வடிவம் அப்படி. எபிடியூரல் போட நிஜத்தில் பயன்படுத்தும் டூஹி ஊசிக்கு இரண்டு பக்கமும் சிறகு உண்டு. இடது கையின் பின்புறத்தை நோயாளியின் முதுகில் ஊன்றி, விரல்களால் சிறகைப் பிடித்திருப்போம். வலது கட்டைவிரல் சலைன் சிரிஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கும். மஞ்சள் தசைநாருக்குள் இருக்கும்வரை பிஸ்டன் நகராது. தாண்டியதும் சட்டென்று விட்டுக்கொடுக்கும். அந்த நொடியில் ஊசியை நிறுத்துவது இடது கைதான். நிறுத்தாமல் சில மில்லிமீட்டர் போனால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டியூரா என்ற உறையில் ஓட்டை விழும். தண்டுவட நீர் கசிந்து, பிள்ளை பெற்றவள் குழந்தையைத் தூக்கி உட்காரக்கூட முடியாத தலைவலியில் கிடப்பாள்.

இந்தக் கருவியில் இடது கைக்கு வேலையே இல்லை.

ஐந்தாவதாக வந்த மாணவி பிரசவ வார்டில் ஏற்கெனவே சில எபிடியூரல் போட்டவள். இடது கையை மேசை விளிம்பில் ஊன்றி, கோலை இரண்டு விரல்களுக்கு நடுவே கொடுத்துப் பார்த்தாள். வழுக்கியது. "மேடம், இந்தக் கையை எங்கே ஊன்றுவது?" என்றாள். அவள் போட்ட மதிப்பெண் 55. மற்ற நால்வரும் 80க்கு மேல் போட்டதில் அது கரைந்துவிட்டது.

எலும்பும் சரியில்லை. இந்த இயந்திரக் கை தரும் அதிகபட்ச விசை 3.3 நியூட்டன், ஏறத்தாழ 340 கிராம் எடை. முள்ளெலும்பில் இடித்தால் ரப்பரில் இடித்த மாதிரி இருக்கிறது.

கோலின் நுனியில் சிறகு வைத்த ஊசிப்பிடியும் சிரிஞ்சும் பொருத்தித் தாருங்கள், இடது கை ஊன்ற ஒரு ஃபோம் முதுகும் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்றிக் கொண்டுவந்தால் முதலில் அந்த மாணவியைத்தான் உட்காரவைப்பேன்.