டிஷ் சந்தாவும் டொலர் செலவும்

இலங்கையில், திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் பெரியம்மா பார்ப்பது இரவு நாடகங்களுக்குச் சன் டிவியும் விஜய் டிவியும், செய்திக்குச் சக்தியும் மட்டுமே. அவற்றுள் சக்தி, கட்டணமின்றி அன்டெனாவிலேயே வரக்கூடியது. ஆனால் டிஷ் சந்தாவாக மாதந்தோறும் அவர் செலுத்தும் தொகையில், ஒருநாளும் பார்க்காத ஆங்கிலப் படங்களும் கிரிக்கெட்டும் அடங்கியிருக்கின்றன. நான் அந்தப் பணத்தைப் போட ரீலோட் கடைக்குப் புறப்படும்போதெல்லாம், "தம்பி, விளையாட்டை வெட்டிப்போட்டு நாடகத்தை மட்டும் போடச் சொல்லு" என்பார்.

அப்படி வெட்டினால் நாடகத்தின் விலை ஏறவும் கூடும் என்பதை அவருக்கு விளக்குவது இலகுவல்ல. கிரிக்கெட்டுக்காகச் சேர்ந்த வீடும், நாடகத்துக்காகச் சேர்ந்த வீடும், பிள்ளைகளின் கார்ட்டூனுக்காகச் சேர்ந்த வீடும் ஒரே அலைவரிசைப் பொதிக்குப் பணம் கட்டியதால்தான் செலவு எல்லோர் தலையிலும் பரவிக் கிடந்தது. இந்தியாவில் 2019 பெப்ரவரியில் அலைவரிசைகளைத் தனித்தனியே தெரிவுசெய்யும் முறை நடைமுறைக்கு வந்தது; அங்கும், தெரிவுசெய்த அலைவரிசைகளின் விலைக்குப் புறம்பாக, முதல் 100 அலைவரிசைகளுக்கான வலையமைப்புக் கட்டணமாக, வரி நீங்கலாக 130 இந்திய ரூபாய் வரை அறவிட இடமளிக்கப்பட்டிருந்தது.

டிஷ் சேவையின் பெருஞ்செலவுகளில் ஒன்று, செய்மதியில் எடுக்கும் இடத்துக்கான வாடகை. பத்தாயிரம் வீடுகள் பார்த்தாலும் பத்து இலட்சம் வீடுகள் பார்த்தாலும் அது குறையாது. அதோடு, அது வெளிநாட்டு நாணயத்தில் போவது. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாயின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும்படி மிதக்கவிட்டபோது ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. வருமானம் ரூபாயிலும் செலவு டொலரிலும் இருக்கும் தொழிலுக்கு இதைவிடக் கேடு வேண்டியதில்லை. அதன்மேல் 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக உயர்ந்து 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. விலை ஏற, முதலில் விலகியவர்கள் கைத்தொலைபேசி பழகிய இளையவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற பங்கு, பெரியம்மா போன்றவர்களின் கட்டணத்தில் வந்து ஏறுகிறது.

பொதியைக் கட்டிவைத்திருந்த கயிறு கிரிக்கெட்தான். அதுவும் இப்போது அவிழ்கிறது. 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் போட்டிகளுக்கான உரிமைகள் 2022இல் ஏலம் போனபோது, இந்தியத் துணைக்கண்டத்துக்கான தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி இந்திய ரூபாய்க்குப் போக, இணைய உரிமை முதன்முறையாக அதைத் தாண்டியது. இணைய உரிமையை வாங்கிய நிறுவனம் 2023இல் இந்தியாவில் போட்டிகளை இலவசமாகவே காட்டியது.

திருகோணமலையில் இன்னொரு சில்லறைச் சங்கதியும் உண்டு. மாரி மழை கனத்தால் டிஷ்ஷில் படம் உறைந்து நின்றுவிடும். கடற்காற்றில் அதன் ஆணிகளும் துருவேறிவிடும். முற்கொடுப்பனவு இணைப்பு வைத்திருப்பவர்கள் கார்த்திகை, மார்கழியில் ரீலோட் போடாமல் விட்டுவிட்டு, தைப்பொங்கலுக்குப் போட்டால் போதும் என்கிறார்கள். மாதச் சந்தா என்று திட்டமிட்ட வருமானம், இப்படித்தான் பருவகால வியாபாரமாகிறது.

நிறுவனங்கள் தொலைக்காட்சியைப் பைபர் இணைய இணைப்போடு சேர்த்து விற்க முற்படுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நகரத்தில் இருப்பவருக்கு அது ஆதாயமே. பைபர் கம்பி போகாத கிராமங்களில் டிஷ்ஷை நம்பியிருக்கும் வீடுகள்தாம், குறையாத அந்தச் செய்மதி வாடகையைத் தங்களுக்குள் பங்குபோட வேண்டியிருக்கும்.